அக்கிராசனரின் மதில்

மலாயாவில் முப்பது வருடம், தான் ஓட்டாமலே ரெயிலை ஓட வைத்தவர் நாகலிங்கம். ஸ்டேஷன் மாஸ்டர் உத்தியோகம் என்றால் அதுதானே. அவர் பச்சைக் கொடியைக் காட்டினால் ரெயில் வெளிக்கிடும், சிவப்பைக் காட்டினால் நிற்கும். எந்த ரெயிலும் ஒருநாளாவது அவரைப் பார்த்து, "ஏன் காணும் நான் நிற்கவேணும்?" என்று கேட்டதில்லை. அப்படி ஒரு சுகத்தை முப்பது வருடம் அனுபவித்துவிட்டு, பென்சன் எடுத்துக்கொண்டு, சுன்னாகம் சந்தைக்குப் போகிற பெரிய தெருவிலிருந்து உள்ளே பிரியும் பூவரசடி ஒழுங்கைக்கு அவர் வந்து சேர்ந்தார். வேலிச் சண்டைக்குப் பேர்போன ஒழுங்கை அது. பாவம் மனிதர்.

வந்ததும் முதல் வேலையாக ஒரு மதில் கட்டினார். ஒழுங்கை முழுவதும் பனையோலை வேலியும் நட்டால் தளிர்க்கும் கிளுவைக் கதியாலுமாகக் கிடக்க, பெரிய தெருவில் ஏறுகிற வாயிலில் அவருடைய வளவுக்கு மட்டும் வெள்ளை வெளேரென்று சீமெந்து மதில். அதற்கு ஒரு காரணமும் இருந்தது. ஒவ்வொரு மாரிக்கும் வேலி விழுவதையும், விழுந்த வேலியைத் திரும்ப அடைக்கும்போது தகப்பனும் பக்கத்து வளவுக்காரரும் கதியாலைப் பிடுங்கிக்கொண்டு நிற்பதையும் பார்த்து வளர்ந்தவர் அவர். றப்பர்த் தோட்டங்களுக்கு நடுவில் ஒரு சின்ன ஸ்டேஷனில், கடைசி ரெயிலையும் அனுப்பிவிட்டுத் தனியே இருந்த பொழுதுகளில் அவருக்கு ஆறுதல் தந்த நினைப்பு அந்த மதில்தான். அதை அசைக்க ஒருவராலும் முடியாது, அதனால் ஒருவரோடும் சண்டை வராது என்று நம்பினார்.

வீட்டுக்குள்ளும் ரெயில்வே சட்டம்தான். தேத்தண்ணிக்கு ஒரு நேரம், புட்டுக்கு ஒரு நேரம், கிணற்றடிக்குப் போக ஒரு நேரம். அத்தனை வருடமும் ஊரோடு இருந்த அவருடைய மனைவி சிவக்கொழுந்து முதல் மாதத்திலேயே சொல்லிவிட்டார்.

"இஞ்சாருங்கோ, புட்டு அவிஞ்சாத்தான் இறக்கலாம். அது உங்கடை மணிக்கூட்டைப் பாத்து அவியாது."

நாகலிங்கம் அதைப் பகிடி என்று எடுத்துக்கொண்டார். அது பகிடி மட்டுமல்ல என்று விளங்க அவருக்குக் கொஞ்சக் காலம் பிடித்தது.

ஊரில் புதிதாகக் கிராம முன்னேற்றச் சங்கம் ஒன்று தொடங்கினார்கள். மலாயாவில் இருந்து வந்தவர், கோட்டுப் போட்டவர், இங்கிலீசு தெரிந்தவர் என்று நாகலிங்கத்தை அக்கிராசனர் ஆக்கினார்கள். அக்கிராசனர் என்றால் முன்னுள்ள ஆசனத்தில் இருப்பவர். சங்கத்துக்கு இருந்த ஒரே கை வைத்த கதிரையும் அவர் வீட்டிலிருந்து போனதுதான், ஆகவே பொருத்தம் சரி. காரியதரிசியாக ஏரம்புவைப் பிடித்துப் போட்டார்கள். காரியதரிசி என்றால் காரியத்தைக் கண்ணால் காண்பவர். ஏரம்புவோ பிறந்த நாள்முதல் எந்தக் காரியத்தையும் முடிவுவரை கண்டவனில்லை. அவனுடைய தோட்டத்தில் வெங்காயம் கிண்டாமல் கிடக்கும், அவன் அடுத்தவன் கிணறு இறைத்துக்கொண்டு நிற்பான். சங்கத்தின் பேனை எங்கே என்று கேட்டால் மடியைத் தடவுவான். ஆனால் கோயில் வீதியில் அவன் "அரோகரா" என்று ஒரு குரல் எடுத்தால், நித்திரையில் இருந்தவனும் எழும்பி நிற்பான். ஏரம்பண்ணை போகிறாராம் என்றால் போதும், எங்கே என்று கேட்காமல் சனம் சால்வையை எடுத்துத் தோளில் போடும்.

ஆக, சங்கம் முதல் நாளே ஆட்களை மாற்றி இருத்திவிட்டது. முன்னுக்குப் போகத் தெரிந்தவனுக்குக் கூட்ட அறிக்கை எழுதும் வேலை. அறிக்கை எழுதத் தெரிந்தவருக்கு முன்கதிரை. இது அந்த ஒழுங்கையில் மட்டும் நடக்கிற கூத்து என்று நினைக்க வேண்டாம்.

ஒழுங்கையின் கதையை இப்போது சொல்லவேண்டும். மாரி பிறந்தால் அந்தச் செம்மண் குழைந்து, மாட்டு வண்டியின் அச்சு வரைக்கும் விழுங்கும். போன மாரியில் இளையதம்பியரின் மருமகள் மகாதேவியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன வண்டி, நாகலிங்கத்தின் மதிலடியிலேயே புதைந்து நின்றுவிட்டது. பிள்ளை வண்டிக்குள்ளேயே பிறந்தான். தாயும் பிள்ளையும் சுகமாக இருந்தபடியால் அது பிறகு பகிடியாயிற்று. கோயிலில் அவனுக்கு வைத்த பெயர் சிவபாலசுந்தரம், ஒழுங்கை வைத்த பெயர் சேத்துத்தம்பி. இப்போது ஒழுங்கை வைத்த பெயர்தான் நிற்கிறது.

தெருப் போடுகிற கிராமக் கமிற்றிக்காரர் ஒரு வாக்குக் கொடுத்தார்கள். ஒழுங்கையின் இரண்டு பக்கத்தாரும் வேலியைப் பின்னுக்கு எடுத்து ஒரு கார் போக அகலம் விட்டால், கல்லும் மக்கி மண்ணும் கொண்டுவந்து பறித்து, நெரிக்க உருளையும் அனுப்புவார்கள். மழைக்கு முன் விடவேண்டும். விடாவிட்டால் கல் வேறு ஊருக்குப் போய்விடும்.

நாகலிங்கத்தின் ஒரே மகள் குணலட்சுமி தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்திருந்தாள். கார்த்திகையில் நாள். இணுவில் ஆஸ்பத்திரி கூப்பிடு தூரந்தான், பெரிய தெருவில் ஏறிவிட்டால். ஏறுவதுதான் கேள்வி.

"ஐயா, எங்கடை வீட்டிலும் ஒரு சேத்துத்தங்கச்சி பிறக்கும்போலை கிடக்கு," என்றாள் அவள் சிரித்துக்கொண்டு. சொல்லிவிட்டு வயிற்றில் கையை வைத்தபடி ஒழுங்கையைப் பார்த்தாள். சிரிப்பு நின்றுபோயிற்று. அவள் பயந்திருக்கிறாள் என்று நாகலிங்கத்துக்குத் தெரிந்தது. அந்த நிமிடத்திலிருந்து அந்த ஒழுங்கை அவருக்குச் சங்கத்தின் அலுவல் அல்ல, தன் பிள்ளையின் உயிர்.

கோயில் மடத்தில் கூட்டம் கூட்டினார். பெரிய தாளில் ஒழுங்கையைக் கீறி, தண்டவாளம் மாதிரி இரண்டு நேர்கோடு போட்டிருந்தார். யார் எந்தக் கதியாலைப் பிடுங்குவது, யார் ஓலை கட்டுவது, மாடு ஆடுகளை எங்கே கட்டுவது, எல்லாம் அதில் இருந்தது. குற்றம் சொல்ல இடமில்லை. ஒவ்வொரு வளவுக்காரராகக் கேட்டார்.

"இளையதம்பியண்ணை, உங்களுக்குச் சம்மதமோ?"

"ஓம் மாஸ்ரர், பாப்பம்."

அடுத்தவரும் "ஓம், பாப்பம்" என்றார். அதற்கு அடுத்தவரும். மடம் முழுக்க ஒரே குரல். ரெயில்கள்கூட இவ்வளவு அடக்கமாக நடந்ததில்லை. நாகலிங்கம் பூரித்துப்போய் வீட்டுக்கு வந்தார்.

"ஒருத்தரும் மாட்டன் எண்டு சொல்லேல்லை, தெரியுமோ? நாளைக்குக் காலமை எல்லாரும் வருவினம். நீர் எல்லாருக்கும் புட்டு அவியும்."

"என்ன சொன்னவை?" என்று சிவக்கொழுந்து கேட்டார்.

"பாப்பம் எண்டவை."

"ஆர், ஆர்?"

"எல்லாருந்தான்!"

சிவக்கொழுந்து அடுப்படிக்குப் போனார்.

மறுநாள் காலை நாகலிங்கம் அரைக் காற்சட்டையும் தொப்பியும் போட்டு, கழுத்தில் பழைய விசிலும் கையில் பச்சைக் கொடியுமாக ஒழுங்கை வாயிலில் நின்றார். சந்தைக்கு வெங்காயம் கொண்டுபோன இரண்டு பேர் அவரைச் சுற்றிக்கொண்டு மரியாதையாகப் போனார்கள். ஒரு நாய் வந்து கொடியை மணந்து பார்த்தது. வேறு ஒருவரும் வரவில்லை. வெயில் ஏறியதும் வீட்டுக்குத் திரும்பினார். புட்டு வீட்டு ஆட்களுக்கு மட்டும் அளவாக அவித்திருந்தது.

"உமக்கு எப்பிடித் தெரியும்?"

"பாப்பம் எண்டவைக்கு ஆர் புட்டு அவிப்பினம்?" என்றார் சிவக்கொழுந்து. பிறகு மனிதருடைய முகத்தைப் பார்த்து இரங்கி, பக்கத்தில் வந்து இருந்தார். "நீங்கள் கனகாலம் வெளியிலை இருந்திட்டியள். இஞ்சை ஆரும் முகத்துக்கு நேரை மாட்டன் எண்டு சொல்லாயினம். அது கோவம். பாப்பம் எண்டால் மரியாதை. அலுவல் இரண்டும் ஒண்டுதான்."

முப்பது வருடத்தில் மலாய், சீனம், இந்துஸ்தானி எல்லாம் வேண்டிய அளவுக்குப் பிடித்துக்கொண்ட மனிதர், தாய்மொழியில் ஒரு சொல்லை மறந்துவிட்டு வந்து நின்றார். அவருக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வெட்கத்தை விழுங்கிக்கொண்டு ஏரம்புவிடம் போனார். "தம்பி ஏரம்பு, நீ சொன்னால் சனம் வரும் எண்டினம்."

"அதுக்கென்ன அண்ணை, இப்பவே வாறன்."

"இப்ப வேண்டாம். முதலிலை மாடுகளைக் கட்டி, பேந்து கயிறு பிடிச்சு..."

ஏரம்பு அதற்குள் படலையைத் தாண்டிவிட்டான். கோயில் சேமக்கலத்தை எடுத்து ஓங்கி அடித்துக்கொண்டு, ஒழுங்கையின் உள் அந்தத்திலிருந்து வந்தான்.

"மகாதேவி வண்டிக்குள்ளை பட்ட பாடு மறந்து போச்சோ? அடுத்தது ஆரின்ரை பிள்ளை? வாருங்கோ வெளியிலை!"

வந்தார்கள். பெண்களும் வந்தார்கள். "அரோகரா" என்று ஓர் இழுவை, ஒரு வேலி போயிற்று. இன்னோர் இழுவை, இன்னொரு வேலி. மத்தியானத்துக்குள் உள் அந்தம் திறந்த வெளியாகிவிட்டது. நாகலிங்கம் தாளை விரித்துக்கொண்டு பின்னால் ஓடியதை ஒருவரும் பார்க்கவில்லை. மாடுகளைக் கட்ட ஒருவருக்கும் நினைவு வரவில்லை. மாடுகளுக்கு நினைவு வந்தது. அவை நேரே கத்தரித் தோட்டத்துக்குள் இறங்கின. அதன்பிறகு கேட்ட சத்தம் அரோகரா அல்ல. மாட்டுக்காரன் தோட்டக்காரனைப் பிடிக்க, தோட்டக்காரன் ஏரம்புவைத் தேட, ஏரம்பு சேமக்கலத்தைக் கோயிலில் வைக்கவேண்டும் என்று மெல்ல நழுவிவிட்டான். எல்லாரும் அவசரம் அவசரமாகக் கதியாலைத் திரும்ப நட்டார்கள். எது எங்கே நின்றது என்று யாரும் அடையாளம் வைக்கவில்லை, ஆகவே அவரவர் மனச்சாட்சிப்படி நட்டார்கள். பொழுதுபட அளந்து பார்த்தால், ஒழுங்கை முந்தி இருந்ததைவிட ஒரு சாண் ஒடுங்கிப்போய்க் கிடந்தது.

முன்னுக்குப் போனால் போதும், பின்னுக்கு வருகிறவன் எங்கே கால் வைக்கிறான் என்று பார்க்கத் தேவையில்லை என்பது ஏரம்புவின் நினைப்பு. கால் வைக்கிற இடத்தைக் கீறிக் கொடுத்தால் போதும், முன்னுக்கு ஒருத்தன் போகத் தேவையில்லை என்பது நாகலிங்கத்தின் நினைப்பு. இரண்டு பேரும் நல்ல மனிதர்கள். இரண்டு பேருமாகச் சேர்ந்து ஒழுங்கையை ஒடுக்கிப்போட்டார்கள்.

ஐப்பசி பிறந்தது. வடக்கே காங்கேசன்துறைப் பக்கம் மேகம் கருத்துக்கொண்டு வந்தது. குணலட்சுமியின் கால் வீங்கத் தொடங்கியது. நாகலிங்கம் கொடியையும் தாளையும் வீட்டில் வைத்துவிட்டு, எதிர் வளவு இளையதம்பியரிடம் போனார். ஒழுங்கை வாயிலில் ஒரு பக்கம் நாகலிங்கத்தின் மதில், மறுபக்கம் இளையதம்பியரின் வேலி. அந்த வாய் திறக்காமல் உள்ளே எது திறந்தும் பயனில்லை. இளையதம்பியர் வெங்காயப் பிடி கட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் சேத்துத்தம்பி தவழ்ந்து திரிந்தான்.

"அண்ணை, உங்கடை பேரன்தானே அண்டைக்குச் சேத்துக்கை பிறந்தவன். உங்களுக்குமோ விருப்பமில்லை?"

"ஆர் விருப்பமில்லை எண்டது? பாப்பம் எண்டனான்தானே."

"பாப்பம் எண்டால் என்ன எண்டு எனக்கு இப்ப தெரியும்," என்றார் நாகலிங்கம்.

இளையதம்பியர் முதல்முறையாக அவரை நிமிர்ந்து பார்த்தார். வெங்காயப் பிடியைக் கீழே வைத்தார்.

"அப்ப ஒண்டு கேக்கிறன், கோவிக்கப்படாது. மற்ற இடமெல்லாம் இந்தப் பக்கத்தான் இரண்டு முழம், அந்தப் பக்கத்தான் இரண்டு முழம். என்ரை வளவுக்கு முன்னாலை மட்டும் நான் நாலு முழம். அதேன் மாஸ்ரர்?"

"அது... எதிர்ப்பக்கம் மதில்."

"ஓம், மதில். சனம் பாப்பம் எண்டது உந்த மதிலைத்தான். எல்லாரும் அதைத்தான் பாத்துக்கொண்டிருக்கினம்."

கள்ளம் வைத்து நாகலிங்கம் அந்தக் கோட்டைக் கீறவில்லை. மதில் அசையாது, ஆகவே கோடு மதிலில் இருந்து தொடங்க வேண்டும். ரெயில்வேயில் அப்படித்தான், கட்டடத்தை விட்டு விலத்தித்தான் பாதை போடுவது. ஊர் முழுவதையும் அசையச் சொன்ன மனிதர் தன்னுடையதை மட்டும் அசையாப் பொருள் என்று எழுதிவிட்டார். அது அவருக்குத் தெரியாமல் இருந்தது, ஒழுங்கையில் மற்ற எல்லாருக்கும் தெரிந்திருந்தது.

வீட்டுக்கு வந்து முற்றத்தில் நின்று மதிலைப் பார்த்தார். சாந்து பூசி மினுக்கின மதில். முப்பது வருடத் தனிமையின் மிச்சம் அது. சிவக்கொழுந்து வந்து பக்கத்தில் நின்றார்.

"உமக்கும் விருப்பமான மதில்தானே?" என்று நாகலிங்கம் மெல்லக் கேட்டார்.

"உங்களுக்கு விருப்பம் எண்டு நான் வாய் திறக்கேல்லை. வேலியெண்டால் ஓலையை விலக்கிப்போட்டு மகாதேவியோடை நாலு கதை கதைப்பன். சீமெந்தை விலக்கேலுமே?"

மறுநாள் விடிந்ததும் நாகலிங்கம் வேட்டியை மடித்துக் கட்டி, கொட்டிலுக்குள் கிடந்த இரும்பு அலவாங்கைத் தூக்கிக்கொண்டு வந்தார். வாழ்நாளில் விசிலைவிடப் பாரமான எதையும் பிடித்த கை இல்லை அது. ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். அலவாங்கு துள்ளிக்கொண்டு திரும்பியது. மதிலில் ஒரு கீறல். நல்ல வேலையாள்தான் கட்டியிருக்கிறான் என்று அந்த நேரத்திலும் ஒரு பெருமை வந்தது. இன்னொரு குத்து. சத்தம் கேட்டு வேலிகளுக்கு மேலால் தலைகள் எழும்பின. குணலட்சுமி வாசலில் வந்து நின்று வாயைப் பொத்திக்கொண்டாள். நாகலிங்கம் குத்திக்கொண்டே நின்றார், வேர்வையா கண்ணீரா என்று தெரியாமல் முகம் நனைந்தது. கடைசியில் ஒரு கல் பெயர்ந்து ஒழுங்கையில் விழுந்தது.

இளையதம்பியர் ஒழுங்கையைக் கடந்து வந்தார்.

"மாஸ்ரர், நீங்கள் உப்பிடி இடிச்சால் பேரப்பிள்ளை பள்ளிக்கூடம் போற காலத்திலைதான் மதில் விழும். தாருங்கோ இஞ்சை."

"உங்கடை வேலி?"

"அது ஓலைதானே. இரண்டு முழம், ஒரு இழுவை."

அவர் பாப்பம் என்று சொல்லவில்லை. நாகலிங்கம் அதைக் கவனித்தார்.

பிறகு நடந்ததைச் சொன்னால் நம்பமாட்டார்கள். ஒழுங்கை முழுவதும் வெளியே வந்தது. ஏரம்பு எங்கிருந்தோ சேமக்கலத்தோடு முளைத்தான். "அரோகரா" என்று கதியாலில் கைவைக்கப் போன நேரத்தில், நீளமாக ஒரு விசில் கேட்டது. எல்லாரும் நின்றார்கள். ஏரம்புவும் நின்றான்.

"முதலிலை மாடுகளைக் கட்டுங்கோ!"

கட்டினார்கள். அதே விசில், அதே தாள், அதே மனிதர். அன்றைக்குக் கேட்காத சனம் இன்றைக்குக் கேட்டது. கயிறு பிடித்தார்கள், அடையாளக் கட்டை அடித்தார்கள், பிடுங்கின கதியாலை அதன்படி நட்டார்கள். சோர்ந்த நேரத்தில் ஏரம்பு சேமக்கலத்தை அடித்தான், குழம்பின நேரத்தில் நாகலிங்கம் விசில் ஊதினார். நடுவில் ஒருதரம் நாகலிங்கமே "அரோகரா" போட்டதும், ஏரம்பு "அண்ணை, கயிறு கோணுது" என்று சொன்னதும் நடந்தது. யார் அக்கிராசனர், யார் காரியதரிசி என்று அன்றைக்கு ஒருவரும் பார்க்கவில்லை.

புட்டுக்குச் சொல்ல மறந்துவிட்டேனே என்று நாகலிங்கம் அடுப்படிக்கு ஓடினார். சிவக்கொழுந்து புட்டு அவிக்கிற பெரிய நீத்துப்பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தார். மா முதல்நாளே வறுத்து வைத்தாயிற்று.

"எத்தனை பேருக்கு?"

"எல்லாருக்குந்தான்," என்றார் சிவக்கொழுந்து.

கல்லும் மக்கியும் வந்தன. உருளை வந்து உருண்டுவிட்டுப் போனது. பிறகுதான் மழை வந்தது, வந்தால் சும்மா வரவில்லை. கார்த்திகையில் ஒரு பின்னேரம், வானம் கொட்டோ கொட்டென்று கொட்ட, குணலட்சுமிக்கு வலி கண்டது. சுன்னாகத்திலிருந்து கார் வந்து வாசலில் நின்றது. ஒழுங்கை வாயில் முடக்கில் திரும்பும்போது சாரதி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு கேட்டான்.

"ஐயா, முந்தி உதிலை ஒரு மதில் நிண்டதெல்லே?"

பின்னால் சிவக்கொழுந்தின் மடியில் சாய்ந்திருந்த மகளை நாகலிங்கம் திரும்பிப் பார்த்தார்.

"ஓம், நிண்டது," என்றார்.

விடியுமுன் பெண்பிள்ளை பிறந்தது, ஆஸ்பத்திரிக் கட்டிலில், காய்ந்த துணியில். ஒழுங்கை அவளுக்கு வைத்த பெயர் மதிலம்மா.

துடக்குக் கழிவுக்கு எல்லாரும் வந்திருந்தார்கள். சாப்பாடு முடிந்ததும் ஏரம்பு எழும்பி, எங்கிருந்தோ தேடிப்பிடித்த சங்கத்துப் பேனையைக் காதில் செருகிக்கொண்டு, ஒரு தீர்மானம் வாசித்தான். அக்கிராசனரின் மதிலைப் புது எல்லையில் திரும்பக் கட்டிக் கொடுப்பது, வேலை முழுவதும் ஒழுங்கையாருடையது. இளையதம்பியர் அதை ஆமோதித்தார். எல்லாரும் மனப்பூர்வமாகத்தான் சொன்னார்கள். எல்லாரும் நாகலிங்கத்தின் முகத்தைப் பார்த்தார்கள்.

நாகலிங்கம் வாசல் பக்கம் பார்த்தார். மதில் நின்ற இடத்துக்குப் பின்னால் நட்ட கிளுவைக் கதியால்கள் மழைக்குத் தளிர் விட்டிருந்தன. புது ஓலையை விலக்கிப்போட்டு, பேத்தியைத் தோளில் சாய்த்தபடி, சிவக்கொழுந்து அந்தப் பக்கம் நின்ற மகாதேவியோடு ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"ஓம்," என்றார் அக்கிராசனர், "பாப்பம்."

முதலில் இளையதம்பியர் சிரிக்கத் தொடங்கினார், பிறகு ஒழுங்கை முழுவதும் சிரித்தது. அதன்பிறகு ஒருவரும் ஒரு கல்லும் கொண்டுவரவில்லை.